அம்பாசடருக்குப் பின் பட்டை மாற்றினேன்: பள்ளத்தூர் கொட்டகையில் ஆறு நாள்

நேற்றுச் சாயங்காலம் வண்டியைக் கொட்டகையின் கல் தரையில் நேராக நிறுத்தி, டேப்பை எடுத்து, தரையிலிருந்து பின் பம்பரின் கீழ் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தேன். இடது 42 செ.மீ., வலது 42 செ.மீ. இந்த வேலை முடியும் வரை ஐந்து மாதமாக இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக வந்ததே இல்லை. மறந்துபோவதற்குள் நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் யாராவது வீட்டிலேயே இந்த வேலையில் இறங்கினால், நான் இரண்டு தடவை கழற்றிய இடத்தை அவர்கள் ஒரு தடவையில் முடிக்கலாம்.

வண்டி 1984-இல் அப்பச்சி வாங்கிய மார்க் 4, பெட்ரோல். இந்த வண்டியைத் தாங்குவது முன்பக்கம் டார்ஷன் பார் (முறுகித் தாங்கும் கம்பி), பின்பக்கம் பட்டை, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாகத் தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அடுக்கில் உள்ள தனித் தகட்டையும் பட்டை என்றுதான் சொல்வோம். அம்பாசடருக்கு மூலமான பிரிட்டிஷ் கார் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காலத்திலிருந்து வந்த அமைப்பு இது. பின் பட்டையின் முன் நுனி ஒரு போல்ட்டில் பாடியோடு மாட்டியிருக்கும். பின் நுனி ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். நடுவில் ஆக்சில் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்க, பக்கத்துக்கு இரண்டு யு போல்ட் அதைக் கட்டிப் பிடித்திருக்கும். இவ்வளவுதான் சங்கதி. கஷ்டமெல்லாம் நாற்பது வருடத் துருவில் இருக்கிறது.

பங்குனியில் பங்காளி வீட்டுப் படைப்புக்கு (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) ஐந்து பேரும் டிக்கியில் இரண்டு மூட்டை அரிசியுமாகப் போனோம். திரும்பும்போது கானாடுகாத்தான் தாண்டி ஒரு வேகத்தடையில் வலது பக்கம் "டங்" என்று ஒரு சத்தம். வீடு வந்து பார்த்தால் வலது பின்பக்கம் தாழ்ந்திருந்தது. அன்றைக்கு அளந்தது: இடது 41, வலது 36.5. கீழே படுத்து டார்ச் அடித்தேன். மெயின் பட்டைக்கு அடுத்த இரண்டாவது பட்டை, அடுக்கை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டாக ஒடிந்திருந்தது. பிறகு அந்தத் துண்டு கைக்கு வந்தபோது உடைந்த முகத்தை வெயிலில் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கறுத்து, பழைய துரு ஏறிக் கிடந்தது. மீதி மட்டும் உப்புக்கல் மாதிரி பளபளவென்று மின்னியது. அதாவது விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது, படைப்பு அன்றைக்கு ஒடிந்தது கடைசிப் பாதிதான். யு போல்ட் நட்டுகள் லூசாக இருந்ததும் ஒரு காரணம். அவை இறுக்கமாக இருந்தால் ஓட்டை இருக்கும் இடம் வளையாது. லூசானால் ஒவ்வொரு பள்ளத்திலும் அங்கேதான் மடியும்.

முதலில் எடுத்த முடிவு தப்பு. மெயின் பட்டையை வண்டியிலேயே விட்டு, மீதியை லாரிக்குப் பட்டை கட்டும் கடையில் கொடுத்து, ஒடிந்த ஒன்றுக்கு மட்டும் வேறு பட்டை போட்டு, மற்றவற்றை அடித்து வளைவு ஏற்றி வாங்கினேன். 1,800 ரூபாய். "பழைய இரும்பு தம்பி, எத்தனை நாள் நிக்கும்னு சொல்ல முடியாது" என்று கடைக்காரர் முன்கூட்டியே சொன்னார். மாட்டிய அன்று 40.5 காட்டியது. மூன்று வாரத்தில் 37.5-க்கு இறங்கிவிட்டது. அசந்துபோன பட்டையைச் சூடாக்காமல் பச்சையாக அடித்து வளைத்தால் அது தன் பழைய இடத்துக்கே திரும்பும் என்பதை 1,800 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது: வலது பக்கம் ஏழு பட்டை, இடது பக்கம் ஆறு. எந்தக் காலத்திலோ யாரோ வலது பக்கம் மட்டும் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது என்ற நினைப்பை அன்றைக்கே விட்டேன்.

இரண்டு பக்கத்துக்கும் புதுப் பட்டை தேடிக் காரைக்குடி, மதுரை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே முதலில் காட்டிய ஜோடி கறுப்புப் பெயின்டில் பளிச்சென்று இருந்தது. கண்ணுக்குள் (பட்டையின் நுனியில் சுருட்டிய வளையம்) விரலை விட்டுத் தடவினால் ஒரு பக்கம் தேய்ந்து குழி விழுந்திருந்தது. பெயின்ட் அடித்த பழசு. பட்டை வாங்குகிறவர்கள் மேலே பார்க்காமல் கண்ணின் உள்பக்கத்தையும், பட்டையின் நுனி அடுத்த பட்டையில் உரசும் இடத்தையும் பார்க்க வேண்டும். உரசிய தடம் அங்கே பள்ளமாகத் தெரியும், பெயின்ட் அதை மூடாது. நான்காவது கடையில் உண்மையிலேயே புதிதாக ஒரு ஜோடி கிடைத்தது, ஒன்று 4,500.

பழைய பட்டையின் அளவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதிலும் ஒரு விஷயம் உண்டு. கண்ணுக்குக் கண் நேர்கோட்டில் டேப் பிடித்து அளந்தால் புதுசும் பழசும் ஒத்துவராது. புதுசுக்கு வளைவு அதிகம், அதனால் நேர்த்தூரம் குறையும். மெயின் பட்டையின் முதுகோடு ஒட்டி ஒரு நூலை ஓட்டி, அந்த நூலை ஒப்பிட வேண்டும். சென்டர் போல்ட் எங்கே வருகிறது என்று நூலிலேயே ஒரு முடிச்சும் போட்டு வைத்திருந்தேன். ஒத்து வந்தது. ஒவ்வொன்றும் 17 கிலோ. சாக்கில் சுற்றி ஆட்டோவில் எழும்பூருக்கு வந்து பல்லவன் ரயிலில் ஏற்றினேன். இரவு காரைக்குடி. புதுப்பேட்டையும் எழும்பூர் ஸ்டேஷனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய சௌகரியம்.

வேலை தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும், அங்கேதான் கார் கொட்டகை. கொட்டகைக்குள் வெளிச்சம் போதாது என்று வெளியே செம்மண் தரையில் ஜாக்கி வைத்தேன். முதல் நாள் பெய்த மழை. வண்டி ஒரு சாண் ஏறுவதற்குள் ஜாக்கி ஸ்டாண்டின் ஒரு கால் மண்ணுக்குள் மெதுவாக இறங்கியது. நல்லவேளை, அடியில் யாரும் போகவில்லை. உடனே இறக்கிவிட்டு, கொட்டகைக்குள் கல் பாவிய தரைக்குத் தள்ளினோம். வளவுக்குப் பக்கத்தில் நடைபாதையில் நிறுத்தலாமா என்று ஒரு யோசனை வந்தது. அங்கே ஆத்தங்குடிக் கல். எண்ணெய்க் கறை ஏறினால் போகாது, ஜாக்கி நின்றால் கல்லே பிளக்கும். ஆத்தா வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சரிதான்.

தூக்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்துத்தான் தொடங்கினேன். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் ஸ்டாண்டைக் கண்ட இடத்தில் கொடுத்தால் தகடு உள்ளே போய்விடும். பட்டையின் முன் போல்ட் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் பெட்டி மாதிரி தடித்திருக்கும் இடத்தில், நடுவில் பழைய தேக்குக் கட்டை வைத்துக் கொடுத்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் உத்திரத்தை அறுத்த துண்டுகள் கிடைக்கும். நான்கு துண்டு வாங்கி வைத்தது இந்த வேலை முழுக்க உதவியது. இன்னொரு ஜாக்கி ஆக்சிலுக்கு அடியில் இருந்தது. ஆக்சில் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ் நட்டை எடுத்து, யு போல்ட்டுகளைக் கழற்றியது வரை முக்கால் மணி நேரம். யு போல்ட் நட்டுகள் சுற்றாமல் நின்றபோது அறுத்தே எடுத்தேன், புதுசு வாங்கியாகிவிட்டதே. ஷேக்கிள் நட்டில்தான் ஸ்பேனர் தகராறு. 14 ஏறாது, 15 சுழலும். அது 9/16 அங்குலம், அதாவது 14.29 மி.மீ. 15-ஐப் போட்டுத் திருகி ஒரு நட்டின் மூலைகளை உருட்டிவிட்டேன். இந்த வண்டிக்கு அங்குல ஸ்பேனர் செட் இல்லாமல் கை வைக்கக் கூடாது. அப்பச்சியின் பழைய டூல் பையில் அது இருந்தது. பார்க்காமல் இருந்தது என் அவசரம்.

அப்புறம் வந்தது முன் போல்ட். மூன்று நாளில் இரண்டு நாளை அது ஒன்றே எடுத்துக்கொண்டது. நட்டு சுலபமாகக் கழன்றது. போல்ட் அசையவில்லை. கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் உண்டு, போல்ட் அதற்குள் துருவில் ஒன்றாகிவிட்டிருந்தது. தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்ட்டும் குழாயும் சேர்ந்து ரப்பரை முறுக்கும், கையை விட்டால் திரும்பி வந்துவிடும். டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் நுனியில் பழைய நட்டை ஏற்றிச் சம்மட்டியால் அடித்தேன், போல்ட் நுனி மழுங்கியதுதான் மிச்சம். கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பெட்ரோல் டேங்க் பின்பக்கம் இருக்கும் வண்டியில், அதுவும் ஓட்டு வீட்டுக் கொட்டகைக்குள், நான் நெருப்பைக் கொண்டுவரமாட்டேன்.

கடைசியில் ஆக்சா பிளேடுதான். பிரேமில் இருந்து பிளேடைக் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, பிராக்கெட்டுக்கும் பட்டையின் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் விளிம்பைக் கத்தியால் சீவிவிட்டு, அந்தச் சந்தில் பிளேடை விட்டேன். மல்லாந்து படுத்து, ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம்தான் இழுக்க முடியும். முதலில் ரப்பர் பொடி விழும், பிறகு குழாயின் துரு, சிவப்பாக. அதற்கப்புறம் பிளேடு நல்ல இரும்பைத் தொட்டதும் சத்தமே மாறும், கீச்சென்று மெல்லிய ஒலி, விழும் தூளும் வெள்ளியாகிவிடும். அந்தச் சத்தம் வந்தால்தான் போல்ட்டுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். வலது பக்கம் போல்ட்டின் இரண்டு பக்கத்தையும் அறுக்க நான்கு மணி நேரம், நான்கு பிளேடு. இடது பக்கம் இரண்டே பிளேடில் முடிந்தது, கை பழகிவிட்டது. கிரைண்டர் இருந்தாலும் அந்தச் சந்தில் நுழையாது, பிராக்கெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பிராக்கெட்டின் உள்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தேன். புதுப் பட்டைகளை விரித்து நடுவில் கிராஃபைட் கிரீஸ் லேசாகத் தடவிக் கட்டினேன். புது போல்ட் தலையில் 8.8 என்று பலத்தைக் குறிக்கும் எண் அடித்தது. போல்ட் உடம்பிலும் கிரீஸ் பூசித்தான் உள்ளே விட்டேன், அடுத்த தடவை யார் கழற்றினாலும் ஆக்சா பிளேடு தேவைப்படக் கூடாது.

மாட்டும்போது முன் கண் முதலில். ஷேக்கிள் பக்கம் எட்டவில்லை, மூன்று விரல் தூரம் குறைந்தது. வளைவு அதிகமான புதுப் பட்டை அப்படித்தான் இருக்கும். கடப்பாரையால் நெம்பிப் பார்த்து நேரத்தை வீணாக்கினேன். வழி என்னவென்றால், பட்டையை ஆக்சிலோடு யு போல்ட்டில் லேசாகக் கட்டிவிட்டு, அடியில் ஜாக்கியை மெதுவாக ஏற்ற வேண்டும். பாடியின் பாரம் பட்டையில் ஏற ஏற அது நிமிர்ந்து நீளும். ஷேக்கிள் ஓட்டை தானாக வந்து நேரே நிற்கும். போல்ட்டை விரலாலேயே தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் முடித்து, எல்லா நட்டையும் நன்றாக இறுக்கி, சக்கரம் மாட்டி இறக்கினேன். தெருமுனை வரை ஓட்டியதில் ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால்தான் வண்டி நேரே போனது. கொத்தனாரின் தூக்குக் குண்டை வாங்கி வந்து, நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டுப் புள்ளிகளை அளந்தேன். இந்த வண்டியின் வீல்பேஸ் 97 அங்குலம், 2,464 மி.மீ. இடது பக்கம் 2,463 வந்தது. வலது பக்கம் 2,454. ஒன்பது மில்லிமீட்டர் ஆக்சில் முன்னால் போய்விட்டது.

மறுபடி தூக்கி வலது யு போல்ட்டைக் கழற்றினேன். ஆக்சில் அடியில் இருக்கும் இருக்கையில் ஒரு ஓட்டை உண்டு, பட்டையின் சென்டர் போல்ட் தலை அதற்குள் போய் உட்கார வேண்டும். தலை ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிறை மாதிரி ஒரு பளபளப்பான தடம் பதித்திருந்தது. இருட்டில், கீழே படுத்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை யு போல்ட் போடும் முன் இருக்கைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு தாளைச் சொருகிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் தாள் நுழையவில்லை என்றால்தான் தலை உள்ளே இருக்கிறது. திரும்ப அளந்தபோது வலது 2,462. அது போதும்.

இன்னொரு தப்பு அப்போதும் உள்ளேதான் இருந்தது. உயரம் அளந்தால் இடது 44.5, வலது 45. வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. புதுசு, ஓட ஓட இறங்கும் என்று இருந்துவிட்டேன். காரைக்குடி போய்வந்ததில் ஒவ்வொரு குழியிலும் பின்னால் ரப்பர் முறுகும் சத்தம், ஈரத் துணியைப் பிழிவது போல. பக்கத்துத் தெருவில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கண்ணு போல்ட்ட எப்ப டைட் வச்சீங்க தம்பி?"

"தூக்கி நிக்கும்போதேதான் அண்ணே, சக்கரம் மாட்டுறதுக்கு முன்னாடி."

"அதான். லூசு பண்ணுங்க. பாரம் தரையில இருக்கட்டும்."

வண்டி நான்கு சக்கரத்தில் நிற்க, அடியில் படுத்து முன் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். அவர் டிக்கி மேல் இரண்டு கையையும் ஊன்றி மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டார். மூன்றாவது நட்டு அரைச் சுற்று தளர்ந்தபோது பின்பக்கம் முழுவதும் ஒரு நீண்ட முனகலோடு என் முகத்தை நோக்கி இறங்கியது. அளந்தால் 42.5, இரண்டு பக்கமும்.

ரப்பர் புஷ் உள்ள வண்டியில் அந்த போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் இறுக்கினால், குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி இறங்கியதும் ரப்பர் நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சத்தம் வரும், உயரம் பொய்யாகக் காட்டும், கொஞ்ச நாளில் புஷ் கிழியும். தொங்கும்போது நட்டைக் கையால் மட்டும் ஏற்ற வேண்டும். சக்கரம் தரையில் நின்று, வண்டியை நான்கு தடவை அமுக்கிவிட்ட பிறகுதான் கடைசி இறுக்கம். இந்த ஆறு நாளில் நான் கற்றதில் எதையாவது ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இதற்குத் தனித் திறமையும் வேண்டாம், கருவியும் வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும். யு போல்ட் விஷயம் வேறு, அதை முன்பே முழுக்க இறுக்கலாம். நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

செலவுக் கணக்கு: பட்டை ஜோடி 9,000, யு போல்ட் நான்கு நட்டோடு 640, புஷ் செட் 560, முன் போல்ட் இரண்டு 180, ஆக்சா பிளேடு ஆறு 180, ஜாக்கி ஸ்டாண்டு ஜோடி 2,400, கிராஃபைட் கிரீஸ் 150. அண்ணனுக்கு வற்புறுத்திக் கொடுத்தது 500. மொத்தம் 13,610. முதலில் வீணான 1,800 இதில் சேரவில்லை. பழைய பட்டைகளை எடைக்குப் போடவில்லை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன மாவட்டம் இது. பட்டை இரும்பு என்றால் கொல்லுப் பட்டறையில் தனி மரியாதை. பக்கத்துக் கொல்லர் நல்ல பட்டையில் ஒன்றை எடுத்து எங்கள் தென்னைக்கு ஒரு அரிவாள் அடித்துக் கொடுத்தார், கூலியாக மற்றவற்றை எடுத்துக்கொண்டார். ஒடிந்த துண்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை செய்தால் மூன்று விஷயத்தை மாற்றுவேன். வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி வைப்பேன். முன் போல்ட் ஒரு மணி நேரத்துக்குள் அசையவில்லை என்றால் சம்மட்டியைத் தொடாமல் நேராக ஆக்சா பிளேடுக்குப் போவேன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குவேன். இப்போது ஓரடி நீள ஸ்பேனரில் கை பலத்தை நம்பித்தான் இறுக்கியிருக்கிறேன்.

150 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட் நட்டுகளைச் சோதித்தேன். எட்டு நட்டும் ஆளுக்கு அரைச் சுற்று வாங்கின. 300-இல் மறுபடி பார்த்தபோது இரண்டு மட்டும் கால் சுற்று வாங்கின, மற்றவை அசையவில்லை. நேற்று பிள்ளையார்பட்டி போய்வந்தோம், அதே ஐந்து பேர். அப்பச்சி பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள், கானாடுகாத்தான் வேகத்தடை வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். சத்தம் இல்லை. இடது பின் சக்கரத்தைக் கழற்றியபோது பிரேக்கின் வீல் சிலிண்டர் ரப்பருக்குப் பக்கத்தில் ஈரம் தெரிந்தது, அதைக் குறித்து வைத்திருக்கிறேன். ஸ்டாண்டுகளும் தேக்குக் கட்டைகளும் கொட்டகையிலேயே இருக்கின்றன.